இக்காரஸ் கடந்துபோன வெள்ளிக்கிழமை

அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம். இக்காரஸ் என்ற சின்னக் கோள் ஒன்று பூமிப் பக்கமாக வந்து போகும் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தி அடையாறு ஊரூர் குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள், வெள்ளிக்கிழமை ஒரு மலையே கடலில் விழப்போகிறது என்று ஆகிவிட்டது.

மீன் விற்கும் கெங்கம்மா, கணவன் மண்ணாங்கட்டியைத் தடுத்துப் பார்த்தாள். "இன்னிக்கு ஒரு நாள் போவாட்டி இன்னா?"

"உலையில இன்னாத்த போடுவ?" என்று கேட்டுவிட்டு, அவன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வெயில் ஏறியதும், கடல் பொங்கி ஊருக்குள் வந்துவிடும் என்று பயந்து குப்பத்தில் பாதிப்பேர் பரங்கிமலைக்குக் கிளம்பினார்கள். நாத்தனார் குப்பம்மா, கெங்கம்மாவின் மகள் தேவானையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "நீயும் வா அண்ணி."

"நீ புள்ளய இட்டுகினு போ. அவரு கரையேறட்டும்."

அனுப்பிய பிறகு கால் தரிக்கவில்லை. மகள் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. அங்கே நின்றிருந்த நஸ்ருன்னிசா அவளிடம் வழக்கமாக மீன் வாங்குகிறவள். "நிலாவவிட ரொம்ப தூரத்துல போகுதாம். பேப்பர்ல போட்டிருக்காங்க கெங்கம்மா."

"புயல் வராதுன்னும் போட்டாங்கம்மா. அன்னிக்குத்தான் எங்க மாமனாரு கடலோட போனாரு."

திரும்பவும் கரைக்கு ஓடினாள். ஒவ்வொரு கட்டுமரமாக வந்தது. அவனுடையது மட்டும் வரவில்லை. கடலைப் பார்த்தால் மகள் நினைவு. மலைத் திசையில் திரும்பினால் அவன் நினைவு.

காற்று விழுந்துவிட்டதால் துடுப்புப் போட்டே அவன் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மரத்தில் ஒரு மீன்கூட இல்லை.

"வலை போட மனசு வரல," என்றான் தலை நிமிராமல். "அண்ணாந்து பாத்துகினே இருந்துட்டேன். பாப்பா எங்க?"

சொன்னாள். நனைந்த வலையை மணலிலேயே போட்டுவிட்டு மலைக்கு நடந்தான்; அவளும் கூடவே போனாள்.

மலையில் தேவானை யாரோ கொடுத்த பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். கெங்கம்மா அவளை வாரித் தூக்கிக்கொண்டாள். "வா, எறங்கலாம்."

"கொஞ்சம் இரு," என்று அவன் உட்கார்ந்துவிட்டான். அவளும் மகளை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விடிந்து இறங்கி வந்தபோது கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. "ஒரு மீனும் இல்லாம கூடைய எடுத்துகினு எங்க போவேன்?" என்று அவள் சண்டையை ஆரம்பித்தாள். அவன் வலையை உதறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.