சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே ஒரு ஜீப்

1

இந்தக் கதை எனக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மழைக்கால முற்பகலில் கிடைத்தது. சாலையோரம் பழைய ஜீப் ஒன்று நின்றது. வழக்கமான ஜீப்பைவிடச் சற்று உயரம். அதிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். முதலில் கைத்தடி வந்தது, பிறகு இரும்புத் தாங்கி கட்டிய இடதுகால், கடைசியில் அவர். ஓட்டிவந்த கணவர் இறங்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பெண்மணி தரையில் ஊன்றி நின்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த மனிதர் ஏன் உதவவில்லை? இதை யோசிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "ஓமானிலிருந்து திரும்பிய நவ்ஷாத்துக்கு ஒரே ஒரு கனவுதான் இருந்தது." அடித்துவிட்டேன். ஒரே ஒரு கனவோடு வாழும் ஆளை நான் பார்த்ததில்லை.

அடுத்து: "பச்சைமலை அல்ஃபியாவை அழைத்தது, அவள்..." இதையும் பாதியில் விட்டேன். மலை யாரையும் அழைப்பதில்லை. கல்வித்துறையின் உத்தரவுதான் அழைக்கும்.

2

நவ்ஷாத் ஓமான் பாலைவனத்தில் ஒரு நிலஅளவைக் கம்பெனிக்கு வண்டி ஓட்டியவர். அங்கே வண்டிகள் மணலுக்கு மேல் மிதக்கும். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டி புகுந்து போகலாம், அவ்வளவு உயரம். ஊர் திரும்பி, பாலக்கரையில் வீட்டைப் பூசி, ஒரு பழைய ஜீப் வாங்கினார். அதை ஓட்டும்போதெல்லாம் தரையில் உட்கார்ந்து ஓட்டுவதுபோல இருந்தது அவருக்கு. தூக்கத்தில் மட்டும் அந்த ஜீப் உயர்ந்து, காவிரிப் பாலத்துக்கு மேலே சத்தமில்லாமல் போய்வந்தது.

அவர் மனைவி அல்ஃபியா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குழந்தையில் வந்த போலியோவால் இடதுகால் மடங்காது. பதவி உயர்வுக் கலந்தாய்வில், தலைமையாசிரியராகப் போக யாரும் தொடாத பச்சைமலைச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து நின்றாள்.

(ஏன் தேர்ந்தெடுத்தாள்? சேவை மனப்பான்மை என்று ஒரு காரணம் எழுதினேன். பொய்யாக இருந்தது. அவளையே பேசவிடுகிறேன்.)

"எங்க வீட்ல எல்லாரும் ஏற்காடு போனாங்க, கொல்லிமலை போனாங்க. நான் கீழ வண்டியில உக்காந்து பையைப் பாத்துக்கிட்டேன். எனக்கு மலை வேணுங்க," என்றாள்.

நவ்ஷாத் அந்த ஞாயிறே ஜீப்பில் கூட்டிப்போனார். தார் ரோடு முடிந்ததும் கல்பாதை. பள்ளிக்கு முன்னால் கடைசி ஏற்றத்தில், பாதைக்குக் குறுக்கே எருமை படுத்திருப்பதுபோல ஒரு பாறை முதுகு. ஜீப்பின் அடிவயிறு அதில் இடித்து, எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. பள்ளியின் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். பொறுப்பேற்காவிட்டால் பதவி உயர்வு போய்விடும். ஏற்றால் திங்கள் போய் வெள்ளி வர வேண்டும். அந்தப் பாதையில் பஸ் கிடையாது.

"வண்டிய ஒசரமாத் தூக்கிட்டா முடிஞ்சிச்சு," என்றார் நவ்ஷாத். இந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார் என்பது அல்ஃபியாவுக்குத் தெரியும்.

3

மன்னார்புரத்தில் மெக்கானிக் பீமராவின் ஷெட். பீமராவுக்கு எந்த வண்டியையும் இருக்கிறபடி விட மனசு வராது.

"பாய், வழி நெறைய இருக்கு. ஸ்பிரிங் தொங்குற இரும்பை நீளமாப் போட்டா சல்லிசு. ஆனா ஸ்டீரிங் கொஞ்சம் அலையும். ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூடுதலாச் சொருகலாம், ஆனா வண்டி தூக்கிப் போடும், டீச்சர் முதுகு தாங்காது. வண்டிய ஒசத்துற வெளிநாட்டு செட் இருக்கு, ஷாக் அப்சார்பரோட. அது ராஜா. தவணையில தர்றேன்."

ஷெட்டின் மூலையில் அந்த ராஜாவைப் பூட்டிய ஜீப் ஒன்று யாருக்காகவோ காத்து நின்றது. நவ்ஷாத் அதைப் பார்த்த பார்வையில் பாலைவனம் முழுக்க இருந்தது. "ஏறிப் பாரும்மா," என்றார்.

அல்ஃபியா ஜீப்பில் ஏறும் விதம் இது: சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் சாய்ந்து உட்கார்வாள். பிறகு இரண்டு கையாலும் இடதுகாலைத் தூக்கி உள்ளே வைப்பாள். இந்தச் சீட்டோ அவள் முதுகுக்கு நடுவில் இடித்தது. ஒரு தடவை முயன்றாள், மறுபடி முயன்றாள். நவ்ஷாத் அவளை இடுப்பில் பிடித்து, அப்படியே தூக்கி உட்கார வைத்தார். எடையே இல்லாதவள்போல வந்தாள். அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"இறக்கி விடுங்க."

இறக்கினார்.

"எங்க அத்தா தூக்கினாரு, அண்ணன் தூக்கினாரு, ஆஸ்பத்திரியில கண்டவனெல்லாம் தூக்கினான். மலைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க நின்னு பாக்கும். அவங்களோட எச்.எம். மூட்டை மாதிரி வந்து இறங்கக் கூடாது."

கைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தாள். ஷெட் தூணில் முதுகைச் சாய்த்து, எந்த உயரம் வரை பின்னால் ஏறி உட்கார முடியுமோ அங்கே ஒரு கோடு போட்டாள். "சீட்டு இதுக்கு மேல போனா எனக்கு அந்த வண்டி வேண்டாம். நீங்களே ஓட்டிக்குங்க."

[நீங்கள் கேட்பது காதில் விழுகிறது: பக்கவாட்டில் ஒரு படி வைத்தால் என்ன? பீமராவும் அதைத்தான் கேட்டார். படி கீழே தொங்கினால், அதே பாறை படியைப் பெயர்த்துவிடும்.]

நவ்ஷாத் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கனவு கண்ட உயரத்தில் பாதிகூட இல்லை. கடைசியில், "ராவ், இருக்கிற பட்டையையே கழட்டிப் பட்டறையில காய்ச்சி வளைச்சா?" என்றார்.

பீமராவுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. "தளந்து கெடக்கு. பழைய வளைவுக்கு நிமித்தினா வண்டி கொஞ்சம் ஏறும். கையக் கடிக்காது. ஆனா பாறைக்குப் பத்துமான்னு சொல்ல முடியாது, பாய்."

"கோட்டுக்குக் கீழ நிக்குமா?"

"நிக்கும்."

"அப்ப அதுதான்."

4

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டதாக நினைத்துப் பேனாவை மூடினேன். விட்டுக்கொடுத்த கணவர், வென்ற மனைவி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாறை அங்கேயே கிடக்கிறது. நான் மூடிய பேனாவால் அது நகராது.

நிமிர்த்திய பட்டைகளோடு முதல் ஓட்டத்துக்குக் கொள்ளிடத்து மணலுக்குப் போனார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் பனியில் பாதி கரைந்திருந்தது. ஜீப் மணலில் இறங்கியபோது சத்தம் அடங்கிற்று. நீர் ஓடிய தடங்கள்மேல் அது மெல்ல ஏறி இறங்கியது, யாரோ தொட்டிலை ஆட்டுவதுபோல. அல்ஃபியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்க பாலைவனம் இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிடப் பெருசு." ஒரு மணல்மேட்டைச் சுற்றி வண்டியை ஒடித்துக்கொண்டே, "அங்க பக்கத்து சீட்டு எப்பவும் காலியா இருக்கும்," என்றார்.

அவள் கண்ணைத் திறக்காமலே அவர் முழங்கையில் கை வைத்தாள். நாரை ஒன்று எழுந்து, ஜீப்பின் உயரத்திலேயே கொஞ்ச தூரம் கூடப் பறந்தது. நவ்ஷாத்துக்குத் தாம் விழித்திருக்கிறோமா என்பதே சந்தேகமாக இருந்தது.

5

பொறுப்பேற்கும் நாள். பின்னால் துணிப்பெட்டி, அடுப்பு, அரிசி. பாறைக்கு முன்னால் நவ்ஷாத் வேகத்தைக் குறைத்தார், முன்சக்கரம் ஏறியது. அடியில் 'நற' என்று ஒரு சத்தம். நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்தார். இடைவெளி இரண்டு விரல்கூட இல்லை. அவர் முகம் சுண்டிவிட்டது.

"அந்தப் பெரிய செட்டைப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

(அவர் முடிக்காத வாக்கியத்தை நானும் முடிக்கப் போவதில்லை.)

அல்ஃபியா கைத்தடியை எடுத்தாள். "நான் இறங்கிக்கிறேன். ஒரு ஆள் பாரம் குறைஞ்சா ஸ்பிரிங் நிமிரும்ல?"

"கல்லுல நடப்பியா? உன்னை நடக்கவிடக் கூடாதுன்னுதானே இவ்ளோ பாடு!"

"தூக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். நடக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

இறங்கினாள். தடியை ஊன்றி, காலை வீசி வைத்து, மறுபடி ஊன்றி, பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். நவ்ஷாத் இரண்டு முறை கதவைத் திறந்தார், இரண்டு முறையும் மூடிக்கொண்டார். மேலே போய்த் திரும்பி நின்றாள். மேல்மூச்சு வாங்கியது. கையைத் தூக்கினாள்.

"இடது பக்கம் ஒடிங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம். நேரா வாங்க!"

அவள் கையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓட்டினார். அடியில் பாறை லேசாக உரசியது, விட்டது. ஜீப் மேலே வந்துவிட்டது. பள்ளி வாசலில் நின்ற பிள்ளைகள் முதலில் கண்டது நடந்து வந்த தலைமையாசிரியரை. வண்டி அவருக்குப் பின்னால் மெதுவாக வந்தது.

6

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பஞ்சாயத்து அந்தப் பாறையை வெடி வைத்துத் தகர்க்கிறது. அல்ஃபியாவுக்கு அது பிடிக்காது என்று தோன்றியது, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் நவ்ஷாத் அந்த வெளிநாட்டு செட்டை மறக்கிறார். அதுவும் நடக்கவில்லை. இப்போதும் அவர் தூக்கத்தில் ஜீப் பாலத்துக்கு மேலே போகிறது. பக்கத்து சீட்டில் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமைதோறும் அவள் இறங்குகிறாள், நடக்கிறாள், கை காட்டுகிறாள். இன்று திங்கட்கிழமை. வாரம் முழுக்கப் பெய்த மழையில் பாதை எப்படி மாறியிருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மலையில் மேகம் இறங்கியிருக்கிறது. அவள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். வெள்ளைக்குள் ஒரு கை உயர்கிறது.

அது 'வா' என்கிறதா, 'நில்' என்கிறதா? நான் நிற்கும் இடத்திலிருந்து புரியவில்லை. நவ்ஷாத்துக்குப் புரிந்திருக்க வேண்டும், கியரில் கை வைத்துவிட்டார். நீங்கள் என்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.