கன்னம் பார்த்து ஊற்றிய மருந்து

எங்கள் ஆய்வகத்தின் தெர்மாமீட்டர் என் கணவரின் இடது கன்னம். பாக்டீரியா வளர்க்கும் மீடியத்தைக் கொதிக்கவைத்து இறக்கியதும், தடித்த கையுறையோடு குடுவையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பொறுக்கிற சூட்டுக்கு ஆறியிருந்தால்தான் பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தை ஊற்றுவார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மருந்து வீணாகிவிடும். “ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தொலைங்களேன்” என்று ஆறு வருடமாகக் கத்துகிறேன். “கன்னத்துக்கு பேட்டரி மாத்த வேண்டாம்ல” என்பார்.

அந்த வாரம் என் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பச்சையாக ஒளிரும் புரதத்தைக் காட்டாவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது என்று பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஒரு பிளாஸ்மிடில் வைத்திருந்தேன். பாக்டீரியாவுக்குள் தனியாகக் கிடக்கிற குட்டி டி.என்.ஏ. வளையம் அது. ஆம்பிசிலினை உடைக்கிற மரபணுவும் அதிலேயே உண்டு. வளையத்தை வாங்கிக்கொண்ட பாக்டீரியா மருந்திலும் பிழைக்கும், மீடியத்தில் கலந்திருக்கும் சர்க்கரை முடுக்கிவிட, பச்சைப் புரதத்தையும் செய்யும். வாங்காதது செத்துப்போகும். மருந்து மிரட்டாவிட்டால் இந்த வளையத்தைச் சுமக்க அதுகளுக்கு என்ன தலையெழுத்தா?

திங்கட்கிழமை அவர் மருந்து கலந்த மீடியத்தைத் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தார், நான் பாக்டீரியாவைப் பரப்பினேன். செவ்வாய் காலை பத்துத் தட்டிலும் ஊசி குத்த இடமில்லாமல் வளர்ந்திருந்தது.

“பாத்தீங்களா என் கைராசிய!” என்று குதித்தேன். இவ்வளவு வளரவே கூடாது என்பது எனக்குத் தெரியாததா? வேலை போகிற பயத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு “ம்” என்றார். முந்தைய நாள் பல் பிடுங்கியிருந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை.

அறையை இருட்டாக்கி, நீல விளக்கைப் போட்டேன். ஒன்றும் ஒளிரவில்லை. வளையமே கொடுக்காத பாக்டீரியாவை ஒரு தட்டில் தனியாகப் பரப்பியிருந்தேன். அது துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருக்க வேண்டும். அதிலும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

“மருந்து போட்டீங்களா இல்லையா?”

“போட்டேன்மா. கன்னத்துல வெச்சுப் பாத்துட்டுத்தான்.”

“கைய எடுங்க.”

பல் வீக்கம் என்று நான் நினைத்த இடத்தில், குடுவையின் வளைவு அப்படியே சிவந்து கொப்பளித்திருந்தது.

“டாக்டர் ஊசி போட்டதுல கன்னம் மரத்துப்போச்சு. நல்லா ஆறிடுச்சுன்னு நெனச்சேன்.”

“ஆறிடுச்சா! பல்லோட சேத்து மூளையையும் புடுங்கிட்டாரா அவரு?”

“வீட்டுக்குப் போய்ப் படுன்னுதான் சொன்னாரு. நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைன்னு சோறு தண்ணி இல்லாம கெடந்தியே.”

எனக்கு அழுகைதான் வந்தது. வெந்த கன்னத்தோடு நிற்கிற மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்து, மூக்கு இடிக்கக் குனிந்து தேடினார்.

ஏழாவது தட்டில், “இங்க வா, சீக்கிரம் வா!” என்று கத்தினார். வளையம் இல்லாமலே பிழைத்த அத்தனை ஓசிப் பேர்வழிகளுக்கு நடுவே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி.

அதைத் தொட்டெடுத்துப் புதிய தட்டில் கோடு கோடாக இழுத்துப் பரப்பினேன். இந்த முறை குடுவையை வைத்துப் பார்த்தது என் கன்னத்தில். மறுநாள், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஓசிகளெல்லாம் மருந்தில் ஒழிந்து, பச்சை மட்டும் நின்றது.

வெள்ளிக்கிழமை, அந்தப் பாக்டீரியாவை வளர்த்த குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. பேராசிரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, “கன்னத்துக்கு என்னாச்சு?” என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், “பல்லு, மேடம்” என்றேன்.

சாயங்காலமே தெர்மாமீட்டர் வாங்கி அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், ஐம்பது டிகிரி காட்டுகிற குடுவையைக் கன்னத்துக்குத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க இது?”

“இது சரியாத்தான் காட்டுதான்னு பாக்க வேண்டாமா?”

“அந்தக் கன்னம் இன்னும் ஆறலை” என்று குடுவையை வாங்கி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.