அஞ்ஞானி என்றொரு வேலை

2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, என் தம்பியின் வீட்டுக் கூடத்தில் நால்வர் இருந்தோம்: ஓய்வுபெற்ற போதகரான தம்பி, அவன் மகன், மருமகள், நான். பேத்தி உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்று பள்ளியில், அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று ஆசிரியை ஒவ்வொரு குழந்தையையும் கேட்டிருக்கிறார். எங்கள் பேத்தி எழுந்து நின்று, "எங்கம்மா அஞ்ஞானி" என்று பெருமையோடு சொல்லியிருக்கிறாள். மருமகள் பல் மருத்துவர்.

பழைய கிறிஸ்தவப் பிரசங்கங்களில், நம் மதத்திற்கு வராதவர் அனைவரையும் குறித்த சொல் அது. வேறு மதத்திலிருந்து வந்த அவளுக்கு, திருமணமாகி ஆறாண்டுகளாக இவ்வீட்டில் அதுவே பெயர். "நம்ம அஞ்ஞானி சாப்பிட்டாச்சா?" என்பான் தம்பி. செல்லமாகவே சொன்னான், அதில் எனக்கு ஐயமில்லை.

"அப்பா தமாஷுக்குத்தானே சொல்றார்," என்றான் மகன்.

"தமாஷ்னா எனக்கும் சிரிப்பு வரணும்ல? 'அது எத்தனை வருஷப் படிப்பு மேடம்?'னு டீச்சர் கேக்கறாங்க."

தம்பி சிரித்துவிட்டான். அவள் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"வசவு இல்லம்மா அது. அர்த்தம் என்னன்னா... அக்கா, நீயே சொல்லேன்." முப்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தவள் என்பதால், என்னிடம் தீர்ப்புக் கேட்கும் வழக்கம் இங்கு உண்டு.

"அர்த்தம் எனக்கும் தெரியும் மாமா," என்று அவள் குறுக்கிட்டாள். "எங்க வீட்ல யாரும் எங்களை அப்படி நினைச்சதே இல்ல. உங்க ஜன்னல்லேர்ந்து பாத்தாத்தான் எனக்கு அந்தப் பேரு. இப்ப என் பொண்ணும் அந்த ஜன்னல்லயே வந்து நிக்கறா."

எவரும் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ளாத சொல் அது. எப்போதும் எதிரில் இருப்பவருக்கே பொருத்தப்படுவது. இதை எந்த வகுப்பிலும் நான் கற்பித்ததில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. முடியாதுன்னா, க்ளினிக் மாடியில ரெண்டு ரூம் காலியா இருக்கு. அவளைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"குழந்தையைப் பிரிச்சுடுவியாம்மா?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது. மீண்டும் என்னைப் பார்த்தான்.

"அந்த வார்த்தை புத்தகத்துல இருந்துட்டுப் போகட்டும்டா," என்றேன். "சாப்பாட்டு மேசையில எதுக்கு?"

அன்று முடிவானவை இவை: அச்சொல் இனி இவ்வீட்டில் ஒலிக்காது. பள்ளியாண்டு முடியும்வரை மருமகள் இங்கிருப்பாள். பிறகு இருப்பதா போவதா என்பதை அவளே சொல்வாள். மறுநாள் காலையிலிருந்து அவளைப் பெயர் சொல்லி அழைப்பதாகத் தம்பி ஒப்புக்கொண்டான்.

மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னும் அவன் நாற்காலியிலேயே இருந்தான். ஆறாண்டுகளில் ஒருமுறையும் உச்சரித்திராத அந்தப் பெயரை, ஒலி எழாமல், உதடுகளால் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.