இரண்டு நான்

எனோஸ் தன்னை வெறும் 'நான்' என்று சொல்லிப் பல வருஷமாகிறது. ராஸ்தா என்ற மத நெறியில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான், 'நானும் நானும்' என்பார்கள். ஒன்று ஆள், மற்றது அவனுக்குள் இருக்கும் ஜா, அதாவது கடவுள். ஆகையால் எந்த ராஸ்தாவும் தனியாள் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

காலையில் மூச்சிரைக்க மலையேறி வந்தாள் வினெட், இறந்துபோன மெர்ட்டிலின் தங்கை. மெர்ட்டில் எனோஸோடு வாழ்ந்தவள். ஞாயிறு தவறாமல் கீழே சர்ச்சுக்குப் போவாள். திரும்பி வந்து, அவன் நெறிப்படி உப்பில்லாமல் சமைத்துப் போடுவாள். நோயில் விழுந்தபின் கீழே தங்கை வீட்டில் இருந்தாள்.

"மத்தியானம் அடக்கம் அத்தான். நீங்க வந்து மேளம் அடிக்கணும்னு சொல்லிட்டுத்தான் அக்கா கண்ண மூடினா."

"நானும் நானும் பொணத்துக்கிட்ட போறதில்ல. உனக்குத் தெரியாததா?"

"பொணமா? அவ பேரு மெர்ட்டில்."

அடக்கத்துக்குப் போனவனை ராஸ்தா சபையில் மேளத்தின் முன் உட்கார விடமாட்டார்கள். மேளமும் போய்விட்டால் எனோஸுக்கு என்ன மிஞ்சும்?

"சரி, ஒரு நான் இங்க இருந்து நெறியக் காப்பாத்தட்டும். இன்னொரு நானை அனுப்பி வைங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மத்தியானம் ஈரப்பலா மரத்தடியில் மேளத்தை எடுத்து வைத்துக்கொண்டான். இதயம் துடிக்கிற மாதிரி இரண்டிரண்டாக விழும் அடி. கிங்ஸ்டன் ஸ்டுடியோக்காரர்கள் ரெக்கே பாட்டுக்கு அடியில் போட்டுக்கொள்வது இதைத்தான். ஒரு ரெக்கார்டில் எனோஸின் கையே இருக்கிறது. அது ரேடியோவில் வந்தால் மெர்ட்டில் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள்.

கீழே பாதையில் சவ ஊர்வலத்தின் வெள்ளை உடைகள் நகர்ந்தன. கல்லறை வரைக்கும் கேட்க வேண்டும் என்று உள்ளங்கை எரிய எரிய அடித்தான். அழுகை வந்தது, அழுதுகொண்டே அடித்தான்.

சாயங்காலம் வினெட் சோற்றுப் பாத்திரத்தோடு வேலியருகே வந்து நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றான்.

"இல்ல அத்தான். எதிர்க்காத்து. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நின்னேன்." வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஆனா பின்னாடி ஒரு பஸ் வந்துச்சு. அதுல உங்க ரெக்கார்டு ஓடிச்சு. எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு."

"அப்புறம்?"

"பெட்டியப் பாத்ததும் டிரைவர் மரியாதைக்குப் பாட்ட நிறுத்திட்டான். நல்ல மனுசன், தொப்பியக்கூடக் கழட்டினான்."

எனோஸ் வீங்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பாத்திரத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உப்புப் போடல. சாப்பிடுங்க, ரெண்டு பேரும்."

"நான் மட்டுந்தான் இருக்கேன் வினெட்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.