இடச்சாய்வுக் காலம்

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, நகரக் கலைக்கூடத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், மூவர் குழு ஒரு சிறிய எண்ணெய் ஓவியத்தை "இவருடையது அல்ல" என்று ஒருமனதாக முடிவு செய்தது. அளவு முப்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர். நாற்காலி மேல் ஓர் எனாமல் பேசின், அதன் விளிம்பில் ஈரத் துண்டு, பின்னால் பாதி திறந்த ஜன்னல். முதுகுப்பக்கத்தில் பென்சிலால், கோணல் எழுத்தில், "கம்பவுண்டருக்கு. நானே போட்டது" என்று எழுதியிருந்தது. முடிவுத் தாளில் மூன்று கையெழுத்துகள்: பேராசிரியர், கலைக்கூடக் காப்பாட்சியர், ஓவியரின் மகள்.

மகளுக்கு வயது அறுபத்தாறு. பேனாவை இடது கையில் வாங்கிக் கையெழுத்திட்டார்.

ஓவியர் இறந்து இருபத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. நூற்றாண்டுக் கண்காட்சிக்காக அவருடைய எல்லாப் படங்களுக்கும் ஒரு முழுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. வந்தவற்றைப் பார்த்து ஆம், இல்லை சொல்வதுதான் குழுவின் வேலை. பேசின் படத்தை இல்லை என்று சொல்லப் பேராசிரியர் இரண்டு காரணங்கள் எழுதினார். ஒன்று, தூரிகைக் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. இரண்டு, முதுகில் எழுதியிருக்கும் வாசகம். உண்மையான ஓவியர் எதற்காக 'நானே' என்று எழுத வேண்டும்?

கோடுகளைப் பற்றிப் பேராசிரியருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஓவியரின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு "இடச்சாய்வுக் காலம்" என்று பெயர் வைத்தவரே அவர்தான். அதுவரை வலப்பக்கம் சாய்ந்திருந்த கோடுகள் ஓவியரின் அறுபத்தொன்பதாம் வயதில் ஒரே ஆண்டில் இடப்பக்கம் சாய்ந்துவிட்டன. ஓடும் காலத்துக்கு எதிராக ஒரு முதிய மனம் திரும்பி நிற்பதன் அடையாளம் அது என்று பேராசிரியர் முந்நூற்றுப் பத்துப் பக்கங்கள் எழுதினார். புத்தகத்தின் தலைப்பை மட்டும் பார்த்த ஒரு நிருபர், எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஓவியரிடமே கேட்டார். "எனக்கென்னங்க தெரியும், கை தானா திரும்புது" என்றார் ஓவியர். இரண்டாம் பதிப்பின் முதல் பக்கத்தில் அந்த வாக்கியம் தனியாக அச்சானது.

கை தானாகத் திரும்பவில்லை. அது வேறு கை. அறுபத்தொன்பதாம் வயதில் ஓவியருக்கு நடுக்கவாதம் வந்தது. அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு ஆறு வாரம் இருந்தது. கித்தான் இழுத்துக் கட்டவும் வண்ணம் குழைக்கவும் கூடவே நின்ற மகளிடம் தூரிகையைக் கொடுத்தார். சின்ன வயதில் அவள் இடது கையால் பென்சிலைப் பிடித்தபோதெல்லாம் "பீச்சாங்கையை எடு" என்று மணிக்கட்டில் தட்டியவர் அவர். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மஞ்சளை இன்னும் கொஞ்சம் அழுக்காக்கு" என்று மட்டும் சொன்னார். பத்தாண்டில் நாற்பத்தோரு படங்கள். ஓவியர் போட்டது அவற்றில் கையெழுத்தை மட்டும். அதற்கே ஒரு காலை முழுவதும் ஆகும். விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர்: ஓவியர், மகள், அண்ணன், கடைசி இரண்டு ஆண்டுகள் ஓவியரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிய பணியாளர்.

ஓவியர் இறந்தபின் புதுப் படம் வர வழியில்லை. மகள் தூரிகையை வைத்துவிட்டார். அப்பா பெயரில் அண்ணன் தொடங்கிய அறக்கட்டளையில், படங்களின் முதுகில் எண் எழுதும் வேலையைச் செய்துவந்தார்.

முடிவு வந்த மறுவாரம் அந்தப் பணியாளர் மகளின் வீட்டுக்கு வந்தார். கம்பவுண்டர் என்பது ஓவியர் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இப்போது வயது ஐம்பத்து நான்கு. ஒரு முதியோர் இல்லத்தில் தலைமைப் பராமரிப்பாளர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துணிப்பையை மடியிலிருந்து இறக்காமலே பேசினார்.

"அக்கா, இந்தப் படத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா, போடாம பாத்தீங்களா?"

"போட்டுத்தான்."

"அப்ப சரி. கண்ணுல கோளாறுன்னா மன்னிச்சு விட்டிருப்பேன்."

மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை. போலிப் படம் ஒன்று வந்த கதை செய்தித்தாளில் ஊர் பேர் இல்லாமல் வந்திருந்தது. யார் என்று கண்டுபிடிக்க முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. குழு தன் முடிவை மாற்றும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அடுத்த மாதக் கடைசிவரை தவணை.

"திருடிட்டான்னு சொல்லியிருந்தாக்கூட பரவாயில்லக்கா. திருட்டுன்னா ஐயா படம்னாவது ஆகும். இவங்க நானே போட்டேங்கறாங்க. நான் நேர்கோடு போடவே ஸ்கேல் வேணும். ஆய்வுக்கூடத்துல வண்ணம் அந்தக் காலத்து வண்ணம்தான்னு சொல்லிட்டாங்களாம். அதுக்கு அந்தப் பேராசிரியர் என்ன சொன்னாரு தெரியுமா? வீட்டுக்குள்ள இருந்தவர்தானே, வண்ணத்துக்கா பஞ்சம்னு."

"மத்த படங்களப் பத்தி நீங்க சொல்லியிருக்கலாமே, தம்பி."

"வாயத் திறக்க மாட்டேன்னு ஐயாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க குடுக்கலையே."

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல" என்றார் மகள்.

கம்பவுண்டர் படத்தை வெளியே எடுத்து மேசைமேல் சாய்த்து வைத்தார். பேசினின் விளிம்பு இரண்டு மூன்று இடத்தில் விலகி, மறுபடி வந்து சேர்ந்திருந்தது.

"பதினோரு நாள். நீங்க கடைக்குக் கிளம்பறதுக்குன்னே ஐயா காத்திருப்பாரு. மணிக்கட்டப் பிடிச்சுக்கட்டுமான்னு கேட்டேன். தொட்டே, உன் கைய முறிச்சிருவேன்னாரு. முறிக்கிற கையா அது." படத்தை மகள் பக்கம் நகர்த்தினார். "ஏங்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

"திருப்பிக் காட்டினாங்க. நானேன்னு எழுதியிருந்துது." மகள் படத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாப்பத்தொரு படம் தம்பி. ஒண்ணுக்குப் பின்னாடியாவது மக போட்டதுன்னு எழுதியிருக்கலாம். பென்சில்லயாவது. எழுதல. உங்களுக்கு மட்டும் கணக்கா எழுதிக் குடுத்திருக்காரு, இது நானேன்னு. அந்த ஒரு வார்த்தையைப் பாத்ததும் பேனாவ வாங்கிட்டேன்."

"அது உங்களுக்கும் உங்கப்பாவுக்கும் உள்ள சண்டைக்கா. நடுவுல நான் என்ன பண்ணினேன்?"

குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொல்வதாக மகள் சொன்னார். எப்போது என்று கேட்டார் கம்பவுண்டர். அடுத்த கூட்டம் ஏப்ரல் மூன்றாம் தேதி என்றார் மகள். கம்பவுண்டர் படத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் தொலைபேசியில் சேதியைக் கேட்ட அண்ணன் அரை மணியில் வந்து நின்றார். எழுபது வயது, மாடிப்படி ஏறிய மூச்சு வாங்கல் அடங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாப்பா, உனக்குப் பொழுது போகலையா?"

"இருபத்தோரு வருஷமா நம்பர் எழுதறேன். போகல."

"அப்பா பேர்ல ஒரு தெரு இருக்கு. ஒரு தபால்தலை இருக்கு. தபால்தலையில இருக்கிற படம் யாரோடது?"

"என்னோடது. பத்தொம்பதாம் நம்பர்."

"அதத்தான் சொல்றேன், தெருவுக்கு உன் பேரையா வைப்பாங்க? யோசிச்சுப் பாரு. என்ன போடணும்னு பாத்தது அவரு. சொன்னது அவரு. நீ வெறும் கை."

"வெறுங்கைன்னு சேத்துச் சொல்லுங்கண்ணே. சரியா இருக்கும்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். "அந்த ஆளுக்கு வேற எங்கயாவது வேலை பாத்துக் குடுத்துடறேன். எனக்கு ரெண்டு மூணு பேரத் தெரியும்."

"போலிக்காரன்னு எழுதிக் குடுத்தாச்சு. எங்க போனாலும் அதுவும் கூடவே போகும்."

"எழுதிக் குடுத்ததுல நீயும்தானே ஒருத்தி?"

கிளம்பும்போது, ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3 அன்று மகள் குழுவின் முன் இருபது நிமிடம் பேசினார். எந்த ஆண்டு, எந்த அறை, எந்தப் படம் எத்தனை நாள் என்று வரிசையாகச் சொன்னார். காப்பாட்சியர் குறிப்பு எடுத்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை.

"நீங்க வரையறத யாராவது பாத்திருக்காங்களாம்மா?"

"கம்பவுண்டர் பாத்திருக்காரு."

"அதாவது, இந்தப் படத்தோட சொந்தக்காரர்."

"எங்கண்ணனுக்குத் தெரியும்."

காப்பாட்சியர் கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அண்ணன் இரண்டு நாள் முன்பே எழுதியிருந்தார். தங்கைக்குத் தந்தையின் பிரிவு இன்னும் ஆறவில்லை, அவர் சொல்வதைப் பரிவோடு கேட்டுக்கொள்ளவும் என்று ஏழு வரி.

"பதினேழாம் நம்பர்லயும் இருபத்திமூணுலயும் என் விரல்ரேகை இருக்கும். வண்ணம் காயறதுக்குள்ள பட்டது."

"மெருகு பூசினது நீங்க, துணி சுத்திக் கட்டினது நீங்க. ரேகை இல்லாட்டிதான் ஆச்சரியப்படணும்."

"சார், நான் பீச்சாங்கைக்காரி."

பேராசிரியர் சிரித்தார். "அப்பாவோட கோட்டப் பாத்துப் பாத்து உங்களுக்கும் அப்படிப் பழகியிருக்கும்."

"எனக்கு மூணு வயசுலருந்தே இப்படித்தான். அவருக்கு அறுபத்தொம்பதுலதானே வந்துச்சு?"

பேராசிரியர் ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அப்ப அவர் உங்ககிட்டருந்து எடுத்துக்கிட்டிருக்காரு. மகளோட கைய அப்பா பாத்துக் கத்துக்கறது. அழகான விஷயம்மா இது. அடுத்த பதிப்புல ஒரு அடிக்குறிப்பாவே சேத்துடலாம்."

அப்படியானால் வரைந்தே காட்டுகிறேன் என்றார் மகள். குழு ஒப்புக்கொண்டது.

கலைக்கூடத்தின் பழுது பார்க்கும் அறையில் மூன்று காலைகள் ஒதுக்கினார்கள். வடக்குப் பார்த்த ஜன்னல், ஒரு இரும்பு அலமாரி, அதன்மேல் கந்தல் துணி. அதையே வரைவதாக மகள் சொன்னார். முதல் நாள் கை வரவில்லை. இரண்டு முறை சுரண்டி எடுத்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இரண்டாம் நாள் அலமாரி நின்றது. மூன்றாம் நாள் பதினோரு மணிக்குள் துணியில் வெளிச்சம் விழுந்துவிட்டது. கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, பத்தொன்பதாம் எண் படத்தின் பக்கத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் வரைந்தவை என்று சொல்லும்படி இருந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த பேராசிரியர், "அப்படியே அப்பாம்மா" என்றார். மகளுக்கு அன்று முழுவதும் நம்பிக்கை இருந்தது. வீட்டுக்குப் போய்க் கம்பவுண்டருக்குத் தொலைபேசியில் சொல்லவும் செய்தார்.

அறிக்கை ஏப்ரல் 22 அன்று வந்தது. ஒன்றரைப் பக்கம். "மகளார் வரைந்தது மிகத் திறமையான நகல். கோட்டின் சாய்வு, வண்ணக் கலவை ஆகியவை தந்தையை நெடுங்காலம் உடனிருந்து கண்டவருக்கே கைவரக்கூடியவை. ஆயினும் மூல ஓவியங்களில் நாம் உணரும் உள்நடுக்கம் இதில் இல்லை" என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அடுத்த பத்தி பேசின் படத்தைப் பற்றியது: "இதில் காணப்படுவது வெறும் உடல் நடுக்கம்." மூன்றாவது பத்தியைக் காப்பாட்சியர் சேர்த்திருந்தார். ஓவியரைத் தத்ரூபமாக நகலெடுக்கும் திறன் குழு உறுப்பினர் ஒருவருக்கு இருப்பது தெரியவந்துள்ளதால் அவர் குழுவில் தொடர்வது முறையாகாது. அவரும் படத்தின் சொந்தக்காரரும் நீண்டகாலமாக அறிமுகமானவர்கள் என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டது.

மகள் நேரில் போய்க் காப்பாட்சியரைப் பார்த்தார். கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காப்பாட்சியர் அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"நான் நம்பறேன்மா. மூணு நாளும் கண்ணால பாத்தேன்."

"அப்ப ஏன் அப்படி எழுதினீங்க?"

"நாப்பத்தொண்ணுல பதினாறு இங்க சுவத்துல தொங்குது. நான் என்ன எழுத முடியும், சொல்லுங்க."

"அந்த ஆளு வேலைய விட்டு நிக்கிறாரு."

"அது தெரியும்" என்றார் காப்பாட்சியர். பிள்ளைகளின் ஆசிரியை எதையோ கேட்க வந்ததும் அவர் திரும்பிக்கொண்டார்.

மகள் இரண்டு செய்தித்தாள்களுக்கு எழுதினார். ஒன்று பதில் போடவில்லை. இன்னொன்று, அறக்கட்டளையிடம் கருத்துக் கேட்டு, அண்ணன் சொன்னதோடு சேர்த்து எட்டாம் பக்கத்தில் நான்கு பத்தி போட்டது. தலைப்பு: "அப்பாவின் படங்களுக்கு உரிமை கோரும் மகள்". கம்பவுண்டர் அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, போதும். நீங்க பேசப் பேச நம்ம ரெண்டு பேரும் கூட்டுன்னு ஆகுது."

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றார் கம்பவுண்டர். "சொல்லியிருக்கணும்."

கண்காட்சி ஜூன் 9 அன்று திறக்கப்பட்டது. பட்டியலில் இடச்சாய்வுக் காலத்தின் கீழ் நாற்பத்தோரு படங்கள் உள்ளன. குழுவில் காலியான இடத்துக்கு அண்ணன் நியமிக்கப்பட்டார். இரும்பு அலமாரிப் படத்தைக் கலைக்கூடத்தின் கல்விப் பிரிவு எடுத்துக்கொண்டது. நகலை அடையாளம் காணும் பயிற்சி வகுப்பில் அதைக் காட்டுகிறார்கள். முதியோர் இல்லம் மே முதல் தேதியிலிருந்து கம்பவுண்டரை வேலையிலிருந்து நீக்கியது.