பதினாலாவது படி

குளிர்ந்த ஜெல்லை அவர் நெஞ்சில் தடவும்போது, "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, நீங்க தள்ளிக்குங்க. நான் எடுக்கிறேன்."

"உனக்கு எது எங்க வைக்கணும்னு இன்னும் சரியா வராது. விடு."

சின்ன டாக்டர், இளம்பெண், சுவரில் சாய்ந்து நின்றார். முக்கால் மணி நேரமாக அவர் நெஞ்சை மாற்றி மாற்றி அழுத்தியதில் அந்தப் பெண்ணுக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆள் போய்விட்டார் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுத்துக் கோப்பில் வைப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். இப்படி எத்தனையோ பேருக்கு அவள் எடுத்திருக்கிறாள். வெளியே அழுகிறவர்களைத் தாண்டி மெஷினைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சாப்பாட்டு டப்பாவில் என்ன கொண்டுவந்தோம் என்றுகூட யோசித்திருக்கிறாள்.

கைகால்களில் நாலு கிளிப். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ். பொத்தானை அழுத்தினாள். காகிதம் வெளியே வந்துகொண்டே இருந்தது, ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரே கோட்டோடு. கிழித்து, ஓரத்தில் பேர், வயசு, நேரம் எழுதினாள். பத்து நாற்பத்திரண்டு. கையெழுத்து ஒழுங்காகத்தான் விழுந்தது.

குமிழ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிடுங்கிய இடத்தில் தோல் அப்படியே வெளுத்துக் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். உயிருள்ள தோல் என்றால் ரத்தம் மேலே ஓடிவந்து, குமிழ் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போடும். போன தடவை அவருக்கு ஆறு வட்டமும் பளிச்சென்று விழுந்திருந்தன. சாயங்காலம் சட்டையைக் கழற்றித் தங்கையிடம் காட்டினார். "பாத்தியா, ஆறு சீல் குத்தி அனுப்பியிருக்கா உங்க அண்ணி. இனிமே என்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது."

அது நாலு மாதத்துக்கு முன்னால்.

*

மதியம் பன்னிரண்டுக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. முன்னறையில் மேஜை நாற்காலிகளை ஒதுக்கி அவரைக் கிடத்தியிருந்தார்கள். மகன் வெளியூரிலிருந்து கிளம்பிவிட்டான், இரண்டு மணிக்கு வருவான். எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு.

அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். பத்துத் தெருவுக்கு அவர்தான். மோட்டார்க்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அடைப்புக்குறிக்குள் அப்படிப் போட்டு அனுப்பியவர்கள் உண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, தங்கள் வீட்டு மோட்டாரை அவர் எந்த வருஷம் சரி செய்தார் என்று சொன்னார்கள். ஒரு பெரியவர் அவர் காலடியில் நின்று, "நாளைக்கு வர்றேன்னு சொன்னியேப்பா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்த நண்பர், வயரிங் வேலை செய்கிறவர், வாசலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணாவது மாடி. மேல டேங்க்கு வால்வு மாத்தணும். நான் ஏறுறேன்னுதான் சொன்னேன். உன் தொப்பையைப் போட்டா படி இடிஞ்சிரும், நீ கீழ இருன்னாரு. பாதியில நின்னாரு. என்னய்யான்னேன். ஃபோன் வந்திருக்குன்னாரு. ஃபோன் என் கையில இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். உள்ளே நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க பக்கத்துலயே இருந்தும் இப்படி ஆயிடுச்சே அண்ணி. அன்னைக்கு எடுத்துப் பாத்தீங்களே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

பொய் இல்லை. கோடு நன்றாகத்தான் இருந்தது. மேடு, பள்ளம், இடைவெளி எல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டதுபோல. அசையாமல் படுத்திருக்கிற மனுஷனுக்கு எவ்வளவு ரத்தம் வேண்டும்? குழாய் பாதி அடைத்திருந்தாலும் அதற்குப் போதும். எழுந்து நடந்து, மாடி ஏறி, கையில் கனத்தோடு நிற்கும்போதுதான் இதயம் தனக்கே கூடுதலாக ரத்தம் கேட்கும். அப்போது வழி இல்லை என்றால் நெஞ்சை அழுத்தும், தாடை வலிக்கும், மூச்சு வாங்கும். நின்றால் சரியாகிவிடும். படம் எடுத்து முடித்ததும் நோயாளிகளிடம் அவளே சொல்வாள்: படி ஏறும்போது மட்டும் ஏதாவது பண்ணினா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, இதுல அது தெரியாது.

அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு சமையலறைச் சுவரை ஒட்டியது. தினமும் காலையில் தொட்டியைப் பார்க்க அவர் மேலே போவார். இருபத்திரண்டு படி. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் காது அதை எண்ணும். எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணும். போன வருஷக் கடைசியில் ஒருநாள் பதினாலாவது படியில் அந்தச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஏறியது. அடுத்த நாளும் அதே படி. அவள் குழாயைத் திறந்துவிட்டு வேலையைப் பார்த்தாள். கேட்டால் தண்ணீர் வருகிறதா என்று காது கொடுத்தேன் என்பார், அதுதான் தெரியுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவராகத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கள் நாலு பேர் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவர். சட்டை முழுக்க கிரீஸ், கையில் பை, பையிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. "பிளம்பரா? பின்பக்கமா போங்க" என்றாள் ஒரு பெண். அவர் சிரித்துக்கொண்டு இவளைப் பார்த்தார். அந்த ஒரு நொடி இவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு எழுந்து போய், அவர் கையைப் பிடித்து ஈசிஜி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். நோட்டில் பேர் எழுதவில்லை. எழுதினால் சின்ன டாக்டருக்குப் போகும். டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார். கூடத்தின் நடுவில் இருக்கிற ட்ரெட்மில் மெஷினில் ஏற்றி நடக்கவைப்பார், சட்டையில்லாமல், ஒயர்களோடு, அந்த அழுக்குப் பேன்ட்டோடு, எல்லாரும் பார்க்க.

மேஜையில் படுத்துக்கொண்டு அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "ஏன் டாக்டரம்மா, படுக்கப்போட்டே பாக்குறியே. லோடு ஏத்திப் பாக்க வேணாமா? சும்மா ஓட்டுனா எந்த மோட்டாரும் நல்லாத்தான் பாடும்."

"பேசாம படுங்க. கோடு ஆடுது."

எடுத்து முடித்தாள். பார்த்தாள். "நல்லா இருக்கு. கிளம்புங்க."

"வாயில சொன்னா என் தங்கச்சி நம்பமாட்டா. எழுதிக் குடு."

காகிதத்தைத் திருப்பி, முதுகில் 'நார்மல்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தாள். ஒரு ஈசிஜியில் அப்படி எழுத அவளுக்கு உரிமை இல்லை. அதுவரை எழுதியதும் இல்லை.

*

மகன் வந்ததும் ஒரு முறை வீடே அழுது ஓய்ந்தது. இஸ்திரி கலையாத சட்டையோடு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே அப்பாவின் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வான். அவர் அதற்கும் சிரிப்பார். தப்பு என்று அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அரை மணி கழித்து அவன் சமையலறைக்கு வந்தான். பின்னாலேயே நாத்தனாரும் வயரிங்காரரும். அவர் கையில் அப்பாவின் வேலைப்பை.

"அம்மா, அந்த டாக்டர் யாரு?"

"எந்த டாக்டர்?"

"நாலு மாசத்துக்கு முந்தி பாத்து நல்லா இருக்குன்னு சொன்ன டாக்டர். அத்தை சொன்னாங்க, பேப்பர்ல எழுதியே குடுத்தாங்களாமே. இன்னைக்கு இருந்த அதே பொண்ணுதானே? நான் சும்மா விடமாட்டேன். நாளைக்கே போய்ப் புகார் எழுதிக் குடுக்கிறேன்."

"பேப்பர் இதுலதான் கெடக்கும்" என்று வயரிங்காரர் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். ஸ்பானர்களும் வாஷர்களும் குலுங்கின. "எங்க போனாலும் காட்டுவாரு. கசங்குதுன்னு லேமினேஷன் போடக் குடுத்தாரு. அந்தப் பேப்பருக்குச் சூடு ஆகாதாம்ல. மெஷின்ல விட்டதும் கரிக்கட்டையா வந்துச்சு. கடைக்காரன் பயந்துட்டான். இவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. போகட்டும், பின்னாடி எழுத்து இருக்கு, அது போதும்னாரு."

எடுத்துக் கொடுத்தார். மகன் வாங்கிப் பார்த்தான். ஒரு பக்கம் முழுக் கறுப்பு. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஓரமெல்லாம் கிரீஸ் விரல் தடம். திருப்பினான். வெள்ளையில் நீல மை.

அவன் பார்வை அந்த எழுத்திலேயே நின்றது. சின்ன வயதில் அவன் மதிப்பெண் அட்டைகளிலெல்லாம் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

"டாக்டர் பாக்கல" என்றாள் அவள். "யாருமே பாக்கல. நோட்டுல ஏத்தல. நான்தான் எடுத்தேன், நான்தான் எழுதினேன்."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தாள். "விடுங்க அண்ணி. நீங்க படம் எடுக்கிறவங்க, உங்களுக்கு என்ன தெரியும். நல்லா இருந்துச்சு, நல்லா இருக்குன்னு சொன்னீங்க. இதுல உங்க தப்பு என்ன இருக்கு?"

"ஆமாம்மா" என்றார் வயரிங்காரர். "விதி வந்தா யாரு தடுக்கிறது."

கதவு திறந்துதான் இருந்தது. அந்த வழியாக அவள் வெளியே போய்விடலாம். எனக்கு என்ன தெரியும் என்று ஒரு தரம் சொல்லி அழுதால் போதும். மூன்று பேரும் கட்டிக்கொள்வார்கள். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "படுத்திருக்கும்போது எடுத்தா தெரியாது. நடக்கவச்சுப் பாக்கணும். தினமும் ஊருக்கெல்லாம் சொல்றேன். அவரே கேட்டாரு. லோடு ஏத்திப் பாக்க வேணாமான்னு கேட்டாரு."

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா?" என்றான் மகன். கோபமாகக் கேட்கவில்லை.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் காலையில் தடவிய ஜெல் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அழுக்குச் சட்டையோட வந்திருந்தாரு."

வயரிங்காரர் தன் சட்டையை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாக வெளியே போனார். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிடித்திருந்த தோளை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. மகன் அந்த அட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்தான். அதற்கு அந்தப் பை சிறியது. கறுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"குழாயில தண்ணி வரலைங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "இவ்வளவு பேர் வந்துபோறாங்க, தொட்டி காலி போல."

"நான் பாக்கிறேன்" என்றான் மகன். யாரையும் பார்க்காமல் போனான். சுவிட்ச் தட்டும் சத்தம், பிறகு மோட்டார். அவர் கையால் இரண்டு முறை செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டார். ஒரு கணம் இருமிவிட்டுச் சீராக ஓடியது. சுவரோரக் குழாய் லேசாக அதிர, தண்ணீர் மேலே ஏறத் தொடங்கியது.

நாத்தனாரும் முன்னறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாத தம்ளர்கள் குவிந்துகிடந்தன. அவள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு ஒன்றைக் கழுவினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மகன் படியேறும் சத்தம். கனமான, இளம் கால்கள். எண்ணக்கூடாது என்று நினைத்தாள். ஒன்பது. பத்து. பதினொன்று. தம்ளரை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பதிமூன்று. பதினாலு.

நின்றது.

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் தம்ளரோடு காத்திருந்தாள். பதினைந்து கேட்கவில்லை.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் பின்கதவைத் திறந்து படிக்கட்டை நோக்கிப் போனாள்.