மாடிப்படிக்கு ஒரு காரணம்

ஹரீஷ்குமாருக்குத் தெரியாத தொழில் உலகத்தில் கிடையாது. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் விற்கிறவன், பெண்டாட்டி நடத்துகிற மனநல ஆலோசனை அறைக்கும் வழி சொல்லக் கிளம்பிவிட்டான்.

"எல்லாருக்கும் எல்லாம் பாப்பேன்னா ஒருத்தனும் வரமாட்டான் மேகலா. ஒரு ஸ்பெஷாலிட்டி வேணும். மேனேஜருங்க டென்ஷன்னு போடு. ஓசூர்ல எங்க திரும்புனாலும் மேனேஜருதான்."

வாடகை கழுத்தை நெரித்ததால் மேகலா போட்டாள். கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அந்தக் கட்டடம். கீழே பல் டாக்டர், மேலே அவள். படியேறுகிறவன் முதுகை ஒரு ஷிப்டே வேடிக்கை பார்க்கும். 'உயர் அதிகாரிகளின் மன அழுத்தத்துக்கு' என்று எழுதிய போர்டுக்குக் கீழே எந்த அதிகாரி ஏறுவான்? தனக்குக் கீழே வேலை செய்கிறவனுக்குத்தான் புத்தி சரியில்லை என்று நம்புகிற கூட்டம் அது. ஒரே ஒருவன் வந்தான். அவனும் இன்சூரன்ஸ் விற்க வந்தவன்.

அப்புறம்தான் பாகலூரிலிருந்து ஹமீதுன்னிசா, இரம் என்கிற தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பொண்ணுக்குப் படிப்புல கவனமே இல்ல மேடம்."

கவனம் இல்லாத பொண்ணு, சுவரில் இருந்த எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்து முடித்துவிட்டு, மின்விசிறி ஏன் ஆடுகிறது என்று கேட்டது. தாய்க்காரிதான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

"என் தம்பி ராயக்கோட்டை ரோட்டுல லாரில அடிபட்டுப் போயிட்டான் மேடம். நாப்பதாம் நாள் முடிஞ்சிருச்சி, இன்னும் என்னடி அழுகைன்றாங்க வீட்டுல. எனக்குன்னா அவரு இங்க அனுப்பமாட்டாரு. புள்ளைக்குன்னதும் சரின்னுட்டாரு. கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போறேன்."

அழுதாள். முகம் கழுவிக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். வாரா வாரம் வந்தாள்.

மேகலாவுக்கு விஷயம் பிடிபட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியது வைத்தியம்கூட இல்லை, படியேற ஒரு சாக்கு. போர்டை மாற்றினாள்: 'குழந்தைகளின் கவனக் குறைபாட்டுக்குச் சிறப்பு ஆலோசனை.' உத்தனப்பள்ளியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள், ஆளுக்கொரு பிள்ளையை பஸ் டிக்கெட் மாதிரி பிடித்துக்கொண்டு. பிள்ளை பெஞ்சில், தாய் உள்ளே.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஸ்பெஷாலிட்டின்னு!" என்றான் ஹரீஷ்குமார். கூச்சம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற மனிதன். மேகலா அவனைப் பார்த்த பார்வைக்கு வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அவன் இன்னொரு தோசை கேட்டான்.

ஒருநாள் தாய் முகம் கழுவப் போயிருந்தபோது இரம் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், நான் எப்ப சரியாவேன்?"

"உனக்கு என்னம்மா?"

"கவனம் இல்ல. அம்மா ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, இங்க வர்றதுக்கு லீவு கேக்க. எங்க மிஸ் என்னக் கடைசி பெஞ்சுல போட்டுட்டாங்க. கைதூக்குனாலும் என்னக் கேக்கமாட்டேன்றாங்க."

இத்தனை நாள் புருஷன்மேல் கொட்டிய இளக்காரம் மொத்தமும் மேகலாவின் பக்கம் திரும்பிற்று. தெரியாமல் செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையையும் தாண்டித்தான் தினமும் உள்ளே போனாள். வெட்கமாக இருந்தது.

ஹமீதுன்னிசா வந்ததும் பிள்ளையின் முன்னாலேயே சொன்னாள். "இரமுக்கு ஒண்ணுமில்ல. எப்பவும் இருந்ததில்ல. நாளைக்கே நான் ஸ்கூலுக்கு வந்து சொல்றேன். இனி நீங்க மட்டும் வாங்க."

ஹமீதுன்னிசாவின் முகம் செத்துப்போயிற்று. "அவருகிட்ட என்னன்னு சொல்லிட்டு வருவேன் மேடம்?"

 

மறுநாள் மேகலா பள்ளிக்குப் போனாள், பேசினாள். இரம் முன் பெஞ்சுக்கு வந்தாள். போர்டு இறங்கியது. அதோடு பெண்களும் நின்றுபோனார்கள். "வர்ற கூட்டத்த நீயே விரட்டிட்டியே. சரி, தூக்கமின்மைன்னு போடலாமா?" என்றான் அந்த மகான்.

அறையைக் காலி செய்துவிடலாம் என்று மேகலா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. ஹமீதுன்னிசா, தனியாக. கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு.

"என்னாச்சு?"

"கீழ பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சும்மா போயிட்டு வந்தா அவரு கேப்பாருல்ல. அதான் ஒண்ண புடுங்கிக்கிட்டேன்."

மேகலா அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை இறக்கிப் போட்டாள். ஹமீதுன்னிசா உட்கார்ந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு அழுதாள். எழுந்து போகும்போது, ஆறுதல் சொல்கிறவள் போலச் சொன்னாள்.

"கவலப்படாதீங்க மேடம். இன்னும் ரெண்டு சொத்தைப் பல்லு இருக்கு."